உப்பைக் குறைக்காதே

தூத்துக்குடி,
சித்திரை 10

அன்பு மகன் கதிருக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே ஆவல். போன் செய்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே "அப்புறம் கூப்பிடுகிறேன் அம்மா" என்கிறாய். அந்த அப்புறம் வருவதற்குள் நான் கேட்க நினைத்தது எனக்கே மறந்துவிடுகிறது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

செல்வி வந்திருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள், நீ உப்பில்லாமல் சாப்பிடுகிறாயாம். விடியற்காலையில் எழுந்து ஓடுகிறாயாம், டிசம்பரில் ஏதோ அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாயாம். ஓடு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு தினத்தன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் இன்று ஓடுகிறான் என்றால் எனக்குப் பெருமைதான். உப்பை மட்டும் விடாதே. புனே வெயிலில் ஓடி, சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியைக் குடித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? எந்த வீடியோவில் எந்தப் பிரகஸ்பதி சொன்னானோ! அவன் ஊருக்குப் பொதுவாகச் சொல்லியிருப்பான். உனக்கு அது பொருந்தாது.

ஏன் எனக்கு மட்டும் என்று கேட்பாய். உப்பளக்காரர் பேரன் உப்பில்லாமல் சாப்பிட்டால் ஊர் சிரிக்கும் என்று இப்போதைக்கு வைத்துக்கொள். மேலே படி.

மற்றச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, இப்போது என் முகச் சுருக்கமெல்லாம் தெரிகிறதாம். கிழக்குத் தெருப் பெரியப்பா வீட்டு விவகாரம் அப்படியே கிடக்கிறது. முள்ளக்காட்டில் இந்த ஆண்டு உப்பு நன்றாக விளைகிறது, விலைதான் இல்லை. அவ்வளவுதான் செய்தி.

போன வாரம் பழைய பேப்பரை ஒழுங்குபடுத்தும்போது 2023 பிப்ரவரியில் நான் வெட்டிவைத்த துண்டு கிடைத்தது. ஜம்மு காஷ்மீரில் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருக்கலாம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கணித்த செய்தி. தோண்டி எடுக்க முடிகிறதா, எடுத்தால் கட்டுப்படியாகுமா என்பது வேறு கதை. அன்று அதைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் போய், "என் மகன் லித்தியத்தில்தான் வேலை செய்கிறான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பால்காரர், "அது என்ன டீச்சர், சிமெண்டா?" என்று கேட்டார். அவரை நிற்கவைத்துப் பாடம் நடத்தினேன். அப்பா உள்ளே இருந்து, "விடு, பால் திரிந்துவிடும்" என்று குரல் கொடுத்தார்.

பால்காரருக்குச் சொன்னதைத்தான் முப்பது ஆண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் சொன்னேன். அணு எண் 3. உள்ளே இரண்டு எலக்ட்ரான், வெளியே ஒன்று. வெளியே இருக்கும் அந்த ஒன்றை யாரிடமாவது கொடுத்துவிடத்தான் அது எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். உலோகங்களிலேயே மிக லேசானது. தண்ணீரில் மட்டுமல்ல, மண்ணெண்ணெயிலும் மிதக்கும். சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கடித்து வைப்பதுபோல் இதை வைக்க முடியாது. பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், அவற்றோடு துளியளவு லித்தியம். கார்பனும் இரும்பும் நட்சத்திரங்களுக்குள் சமைந்து வர அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆயிற்று.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சின்ன புட்டியில் லித்தியம் குளோரைடு இருந்தது, உனக்கு நினைவிருக்கும். பள்ளி விட்டு வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சிவப்பு காட்டு, சிவப்பு காட்டு" என்பாய். பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் முக்கி, உப்பில் தொட்டு, பன்சன் சுடரில் காட்டுவேன். சோடியம் பொன்மஞ்சள், பொட்டாசியம் ஊதா, லித்தியம் கருஞ்சிவப்பு. மஞ்சளும் ஊதாவும் உனக்கு வேண்டாம், அந்தச் சிவப்புதான் வேண்டும். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், நீ காரைக்குடிக்குத்தான் போவாய் என்று.

காரைக்குடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திருக்காவிட்டால் 1948இல் நேரு வந்து அந்தப் பொட்டலில் அடிக்கல் நாட்டியிருக்கமாட்டார், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் வந்திருக்காது, எங்கள் வருமானத்தில் மின்வேதியியலை நீ பஸ் தூரத்தில் படித்திருக்கவும் முடியாது. நீ இதையெல்லாம் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன்.

முதல் சம்பளத்தோடு வந்தபோது சமையலறையில் தேங்காய்த் துருவிக்கொண்டிருந்த என் எதிரில் உட்கார்ந்து எனக்கே நீ பாடம் எடுத்தாய். ஒருபக்கம் கிராஃபைட் அடுக்குகள், மறுபக்கம் கோபால்ட் ஆக்சைடு அடுக்குகள். மின்னேற்றும்போது லித்தியம் அயனி கோபால்ட்டை விட்டு வந்து கிராஃபைட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், போனைப் பயன்படுத்தும்போது திரும்பிப் போகும். எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றி வரும், அந்தச் சுற்றில்தான் விளக்கு எரிகிறது, ஸ்கூட்டர் ஓடுகிறது என்றாய். அயனி போய் வரும்போது அடுக்கு குலையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் வித்தையே என்றாய். விட்டிங்ஹாம் 1970களில் லித்தியம் உலோகத்தையே வைத்துச் செய்து பார்த்து அது தீப்பிடித்ததும், குட்இனஃப் 1980இல் கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்ததும், யோஷினோ 1985இல் உலோகத்தை எடுத்துவிட்டுக் கரியை வைத்ததும், 1991இல் சோனி கடைக்குக் கொண்டுவந்ததும் வரிசையாகச் சொன்னாய். 2019இல் மூவருக்கும் நோபல் கிடைத்த அன்று நள்ளிரவில் எழுப்பி, "அம்மா, குட்இனஃப்புக்கு 97 வயது!" என்று கத்தினாய். அப்படிக் கத்துகிற பிள்ளைதான் நீ. அன்றிரவு முழுவதும் நீ தூங்கவில்லை என்று உன் அறைத் தோழன் பிறகு சொன்னான். மூன்று நாள் தூங்கவில்லை என்றும் சொன்னான். நான் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னாய், அது எனக்கு மறக்கவே இல்லை. ஒரு மின்கலம் 4.2 வோல்ட்டுக்கு மேலே போகவும் கூடாது, மிகக் கீழே இறங்கவும் கூடாது. மேலே போனால் சூடேறித் தீப்பிடிக்கும், ஒரேயடியாகக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அதற்காகவே ஒரு மின்னணுப் பலகை வைத்து ஒவ்வொரு கலத்தையும் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றாய். "பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்?" என்றேன். "விடமாட்டோம் அம்மா, அதற்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றாய்.

மூட்டை மூட்டையாக வெள்ளைப் பொடி வரும், அதிலிருந்துதான் எல்லாம் என்றாயே, லித்தியம் கார்பனேட். சிலியில் அட்டகாமா உப்பு ஏரியிலிருந்து வருவது. உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டி வெயிலில் காயவைக்கிறார்கள், சோடியம் முதலில் படிந்துவிடும், லித்தியம் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும், மாதக்கணக்கில் ஆகும் என்று படம் காட்டினாய். பார்த்தால் நம் முள்ளக்காடு மாதிரியே இருந்தது. பாலு மாமாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நம் பாத்தியிலும் இது கொஞ்சம் கிடைக்குமோ?" என்று கேட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று உனக்கு அப்போது தெரியாது.

லித்தியம் கார்பனேட்டை மூலக்கூறு என்று சொல்லாதே என்று வகுப்பில் திட்டுவேன், அது அயனிச் சேர்மம். மூட்டையில் வந்தாலும் அதுதான், 400 மில்லிகிராம் அளவில் அட்டையில் வந்தாலும் அதுதான்.

பொங்கலுக்கு வந்தபோது உன் சட்டைகளை நான்தான் துவைக்கப் போட்டேன். பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து உன் கண்ணாடிக் கூட்டின் மேல் வைத்தேன். நீ பார்த்தாய், எடுத்துக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. கரும்பு வெட்டப் போய்விட்டாய். வாழ்நாளெல்லாம் வேதியியல் நடத்தியவளுக்கு அட்டைக்குப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கத் தெரியாது என்று நினைத்தாயா? 4.2 வோல்ட் கதையைத் தேங்காய்த் துருவி முடிகிறவரை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

சரி, அதை விடு. கேட்க மாட்டேன். உப்புக்கு வருகிறேன்.

சோடியமும் லித்தியமும் ஒரே தொகுதி, மேலும் கீழுமாக உட்கார்ந்திருப்பவை. இரண்டும் ஒற்றை நேர்மின் சுமை கொண்ட அயனி. சோடியம் அயனியின் ஆரம் 102 பிகோமீட்டர், லித்தியத்துக்கு 76. சிறுநீரகத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. இரட்டையர் வகுப்பில் இருந்தால் நான் ஒருத்தியை மற்றவள் பெயர் சொல்லியே கூப்பிடுவேன், அதேதான். உடம்பில் சோடியம் போதுமான அளவு இருந்தால் லித்தியம் தன் வழியே வடிந்து போகும். வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ சோடியம் குறைந்தால், அல்லது நீயாகவே சாப்பாட்டில் உப்பை நிறுத்தினால், சிறுநீரகம் பதறிப்போய்ச் சோடியத்தை விடாமல் உள்ளே இழுக்கும். கூடவே லித்தியத்தையும் இழுத்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஏறலாம் தெரியுமா? ஒரு லிட்டர் ரத்தநீரில் சோடியம் ஏறக்குறைய 140 மில்லிமோல். லித்தியம் 0.6க்கும் 1.0க்கும் நடுவில் நிற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார், 0.7 என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராம்கூட இல்லை. உன் போன் மின்கலத்தில் அதைப்போல் இருநூறு மடங்கு இருக்கும். அந்தச் சின்ன அளவுக்குள்தான் மருந்து. 1.5 தாண்டினால் நஞ்சு. கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். உப்பைக் குறைக்காதே என்று நான் சொல்வது இதற்குத்தான். கூட்டவும் வேண்டாம், திடீரென்று கூட்டினால் மருந்து வடிந்துபோய்ப் பலன் குறையும். நேற்று எவ்வளவு சாப்பிட்டாயோ இன்றும் அவ்வளவு சாப்பிடு. ஓடினால் தண்ணீரோடு உப்பும் சேர்த்துக் குடி. மோரில் போட்டுக் குடி.

ஓடுகிறவர்கள் கால்வலிக்கு இப்யூபுரூஃபன் வாங்கி விழுங்குகிறார்கள், டைக்ளோஃபினாக் விழுங்குகிறார்கள். தொடாதே. அவையும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து ரத்தத்தில் ஏற்றிவிடும். வலித்தால் பாராசிட்டமால் போதும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் நீ என்ன சாப்பிடுகிறாய் என்று முதலில் சொல்லிவிடு. எனக்குச் சொல்லாவிட்டாலும் அவருக்குச் சொல்.

1949இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் இதைக் கொட்டிச் சாப்பிடச் சொன்னால் வேறு என்ன நடக்கும்? சிலர் இறந்தார்கள், தடை வந்தது. நீ சிறுவயதில் பஸ் ஸ்டாண்டில் உருண்டு புரண்டு வாங்கிக் குடிப்பாயே செவன் அப், அதில்கூட 1929இல் தொடங்கியதிலிருந்து 1940களின் கடைசிவரை லித்தியம் சிட்ரேட் போட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் ஆளாளுக்கு அள்ளிப்போட்டதுதான், பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே ஓடினார்கள். நடுவில் ஒரு மனிதர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார்.

ஜான் கேட் என்று ஆஸ்திரேலிய மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு மூன்றரை ஆண்டு சிங்கப்பூர் சாங்கியில் கைதியாகக் கிடந்தவர். திரும்பி வந்து மெல்போர்ன் பக்கம் பண்டூராவில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை. அங்கே சில பேர் வாரக்கணக்கில் தூங்காமல், நிறுத்தாமல் பேசி, கையில் இருப்பதையெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பில் ஏதோ ஒரு பொருள் கூடுவதால்தான் இது என்று அவருக்கு எண்ணம். பயன்படாமல் கிடந்த ஒரு சமையல்கட்டுதான் ஆய்வகம். நோயாளிகளின் சிறுநீர்ப் புட்டிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தாராம். அந்த வீட்டம்மாவை நினைத்துக்கொள்கிறேன். யூரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டியிருந்தது, அதற்காக லித்தியம் உப்பாக மாற்றினார். கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டால் அவை சாதுவாகிவிட்டன. அது மருந்தின் குணமா, நஞ்சின் முதல் மயக்கமா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள், அது வேறு. அவர் முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு பத்துப் பேருக்குக் கொடுத்தார். 1949இல் எழுதி வெளியிட்டார்.

முதல் ஆளுக்கு 51 வயது. ஐந்து ஆண்டுகளாக ஓயாமல் இருந்தவர் சில மாதங்களில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு என்று மருந்தை விட்டார். ஆறு மாதத்தில் மறுபடி மருத்துவமனை. கடைசியில் 1950இல் உடம்பில் லித்தியம் கூடிப்போய்த்தான் இறந்தார். அன்றைக்கு ரத்தத்தில் அளந்து பார்க்கும் வழக்கம் இல்லை. அளக்கத் தொடங்கியது அதன்பிறகுதான். எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? சுடரை வைத்து. ரத்தநீரைச் சுடரில் தெளித்து, எவ்வளவு சிவப்பு என்று கருவி பார்க்கும். நீ ஸ்டூலில் உட்கார்ந்து கேட்ட அதே சிவப்பு.

மூளைக்குள் போய் அது என்னதான் செய்கிறது என்று கேட்டால் முழு விடை இன்றும் யாரிடமும் இல்லை. எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. மூலைவிட்டத் தொடர்பு என்று நடத்துவேன், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். லித்தியம் தன் தொகுதியில் கீழே இருக்கும் சோடியத்தைவிட, மூலையில் இருக்கும் மெக்னீசியத்தைத்தான் பல குணங்களில் ஒத்திருக்கும். மெக்னீசியம் அயனி 72 பிகோமீட்டர், லித்தியம் 76. செல்லுக்குள் சில நொதிகள் வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். அந்த இடத்தில் இது போய் உட்கார்ந்து வேகத்தைக் குறைக்கிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் வரும், பாதிப் பிள்ளைகள் அதையும் விட்டுவிடுவார்கள்.

டென்மார்க்கில் மோகென்ஸ் ஸ்கௌ என்ற மருத்துவர் 1954இல் முறைப்படி சோதித்துப் பலன் உண்டு என்று காட்டினார். அப்போதும் பெரிய மருத்துவர்கள் நம்பவில்லை. அவர் விடவில்லை. அவருடைய உடன்பிறந்தவர் ஆண்டுதோறும் படுத்துப் படுத்து எழுந்தவர், இந்த மருந்தில் நிமிர்ந்தார். உடன்பிறந்தவனுக்காக ஒருவர் ஆயுள் முழுவதும் சண்டை போட்டிருக்கிறார் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று பாலு மாமாவிடமே கேட்டேன். "எழுது அக்கா, எனக்கு என்ன" என்றார். அதனால் எழுதுகிறேன்.

மாமா இரவில் சாப்பிடுவது பிரஷர் மாத்திரை இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அவருக்குப் பிரஷரே கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடிகாலையில் சாப்பிடாமல் திருநெல்வேலிக்குப் போவாரே, சுகர் டெஸ்ட் என்போமே, சுகரும் இல்லை. இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும், அதற்குத்தான். கூடவே தைராய்டும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் காப்பித் தம்ளரைப் பிடிக்கும்போது அவர் கை லேசாக நடுங்குவதைப் பார்த்து நீயும் செல்வியும் நடித்துக் காட்டுவீர்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

1986. நான் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். மாமா உப்பளத்துக்குப் புதிதாக வந்த சமயம். இரவெல்லாம் விளக்கெரியும், கணக்கு, கணக்கு. ரஷ்யாவுக்கு உப்பு ஏற்றுமதி செய்யப் போகிறேன் என்று கையில் காசில்லாமல் பதினோரு லாரி பேசி வரவழைத்துவிட்டார். தாத்தாவின் இறைப்பு மோட்டாரை விற்றுவிட்டார். அவ்வளவு அழகாகப் பேசுவார் தெரியுமா, லாரிக்காரர்களே மயங்கி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருநாள் படுத்தார். ஐப்பசி மழை முழுக்கப் படுத்தே கிடந்தார், முகம் கழுவக்கூட எழவில்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம் வைத்திருந்தோம். பெருமாள்மேல் எனக்குக் குறை இல்லை, அங்கே இருந்த நாட்களில் ஆச்சிக்காவது மனம் தெளிந்தது. அதற்குப் பிறகு மதுரையில் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தார். சீட்டை வாங்கிப் படித்தேன். கருஞ்சிவப்பு.

ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. மூளைக்கு மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்று அழுதார். நான் என்னென்னவோ சொன்னேன். கடைசியில், "அம்மா, அது ஒரு உப்பு" என்றேன். "உப்பா?" என்றார். "உப்புதான், கல்லிலிருந்தும் உப்புத் தண்ணீரிலிருந்தும் எடுக்கிறது." ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பு என்றால் சாப்பிடட்டும்" என்றார். நான் வேதியியல் படித்ததற்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

பெண் பார்த்தபோது தரகரிடம் யாரும் மூச்சுவிடவில்லை. மாமாவே போய் அத்தையிடம் சொல்லிவிட்டார், எங்களைக் கேட்கவே இல்லை. தாத்தா கொதித்துவிட்டார். அத்தை ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "தினமும் சாப்பிடுவீர்களா?" சாப்பிடுவேன் என்றாராம். இன்றும் இரவு ஒன்பது மணிக்கு அத்தைதான் தண்ணீரும் டப்பாவும் கொண்டுவந்து வைக்கிறாள். விருதுநகர் ஜாதகத்தை ஏன் திருப்பிக் கொடுத்தாய் என்று அப்பா என்னைத் துளைக்கிறார். நீ "இப்போது வேண்டாம்" என்றதை அப்படியே விட்டுவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது. அவரிடம் நீ சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல், இல்லையென்றால் வேண்டாம். இது என் பிறந்த வீட்டு வழியில் வந்தது என்று எனக்குத் தெரியும். அதைப்பற்றி நீ எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

மாமா ஒரே ஒருமுறைதான் தடுமாறினார். அக்கினி நட்சத்திரம், வயிற்றுப்போக்கு வேறு. உப்பளத்தில் வாருகிறவர்கள் இல்லையென்று தானே பாத்தியில் இறங்கி நின்றிருக்கிறார். மாத்திரையை வழக்கம்போல் போட்டிருக்கிறார். மாலையில் நாக்குக் குழறிற்று, குடித்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அத்தைதான் புரிந்துகொண்டு காரைப் பிடித்தாள். மூன்று நாள் சலைன் ஏற்றி இறக்கினார்கள். அதிலிருந்து அவர் தோளில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நீ பார்த்திருக்கமாட்டாய். உப்புநீருக்கு அடர்த்தி மானி போட்டு 25 டிகிரி வந்துவிட்டதா என்று ஒரு நாளைக்கு நாலு முறை பார்ப்பவர், 29க்கு மேலே போனால் மெக்னீசியம் கலந்து கசக்கும் என்று மடையைத் திறந்துவிடுகிறவர், தன் ரத்தத்துக்கும் அப்படியே ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். 1987இலிருந்து உள்ள எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எனக்கே போன வாரம்தான் காட்டினார். 0.7, 0.8, 0.7, 0.7. அந்த ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு மையில் 2.1.

நீ ரத்தம் கொடுக்கிறாயா? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? எண் என்ன? எனக்குச் சொல்ல வேண்டாம். யாராவது ஒருவர் பார்க்கிறார்களா என்று மட்டும் தெரிந்தால் போதும். மின்கலத்துக்கு அவ்வளவு பலகை வைக்கிறவன்.

பார்சல் நாளை அனுப்புகிறேன். மக்ரூன் இரண்டு பெட்டி, ஒன்று உன் தோழனுக்கு. மாவடு, நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், மூன்றிலும் உப்பு தாராளம். உப்பை விட்டுவிட்டேன் என்று தூக்கிப்போட்டுவிடாதே, மற்றவர்களுக்கும் கொடுக்காதே. ஒரேயடியாகவும் சாப்பிடாதே, சொன்னேனே, ஒரே அளவு. சோடியத்தில் மின்கலம் செய்யப் போகிறீர்கள், லித்தியத்தைவிட மலிவு என்றாயே, அது எந்த அளவில் இருக்கிறது என்று மாமா கேட்கச் சொன்னார். தூத்துக்குடிக்கு விடிவுகாலம் வருமா என்று அவருக்கு ஒரு ஆசை. பதினோரு லாரி ஆசை இல்லை, சாதாரண ஆசைதான், பயப்படாதே.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமா உனக்குப் போன் செய்வார். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், சந்தைக்குப் போய்விடுவேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மீட்டிங் இருக்கிறது என்று சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் மீட்டிங் கிடையாது. போனை எடு.

அன்புடன்,
அம்மா